பவுன்சர் வேலை: அடிபடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

போன மாதம் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நான் பயிற்சி கொடுக்கும் ஜிம்முக்கு ஒரு பையன் வலது கையில் கட்டோடு வந்தான். கோவையில் ஒரு ஹோட்டல் பப்பில் ஐந்து மாதமாக பவுன்சர். உடைந்த பீர் பாட்டில் கிழித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"பைக்குல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிட்டேங்ணா. மேனேஜர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

2017இல் நானும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். பையன் வந்து போன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டி கோவைக்கும், வாரக் கடைசியில் கொச்சிக்கும் போய் இந்த வேலையைப் பதினோரு வருடம் பார்த்தேன். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து இன்றும் பையன்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். டியூட்டியில் குடிக்கக் கூடாது, முதல் அடி நம் கையிலிருந்து விழக் கூடாது என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சட்டம் என்று நினைப்பது

தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை எங்கள் வேலையில் 'பசாரா' என்பார்கள். அதன்படி, எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்கு உரிமம் மாநிலவாரியாகத்தான் கிடைக்கும். கோவை ஏஜென்சி ஒன்று திருச்சூரில் நடக்கும் டிஜே இரவுக்கு உங்களை வேனில் ஏற்றி அனுப்புகிறது என்றால், அதற்குக் கேரள உரிமமும் இருக்க வேண்டும். பல ஏஜென்சிகளிடம் இருக்காது. அங்கே ஏதாவது நடந்தால் உங்களை அனுப்பியதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏறுவதற்கு முன் கேளுங்கள்.

கேட்டில் நிற்பவருக்கு இன்னொரு விஷயம்: தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது, கேரளத்தில் 23. கோவையில் உள்ளே விட்டுப் பழகிய கை, கொச்சியிலும் 22 வயதுப் பையனின் கார்டைப் பார்த்துத் தலையாட்டிவிடும். அவனுக்குச் சரக்கு ஊற்றினால் பிரச்சினை பாருக்கு; வேலை போவது உங்களுக்கு.

பயிற்சிச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குவது

மத்திய மாதிரி விதிகள் சொல்வது வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். என் முதல் ஏஜென்சியில் எனக்குக் கிடைத்தது கறுப்பு டி-ஷர்ட்டும் ஒரு சான்றிதழும்தான். கூட்டம் நெருக்கும்போது எங்கே நிற்பது, மயங்கி விழுந்தவரை எப்படிக் கிடத்துவது என்பதையெல்லாம் நான் அடிபட்டுக் கற்றேன். அப்படிக் கற்பதற்கு அடுத்தவர் உயிரும் விலையாகலாம்.

ஆஸ்பத்திரியில் மேனேஜர் சொன்ன கதையைச் சொல்வது

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி இருக்கும். இரண்டு மேசைக்காரர்களுக்கு நடுவே நான் நின்றேன். ஒருவன் உடைந்த கிளாஸை வீசினான். முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கிழித்தது. மேனேஜரே காரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போகும் வழியில், "போலீஸ் கேஸ் ஆனா பார் லைசென்ஸுக்கே பிரச்சினைப்பா. வீட்டுல வழுக்கிக் கண்ணாடி மேல விழுந்ததாச் சொல்லிரு. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவ்வளவு அக்கறையாகப் பேசினார். நானும் அப்படியே சொன்னேன்.

டியூட்டி டாக்டர் அதை எழுதினார். தமிழ்நாட்டில் அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள், விபத்துப் பதிவேட்டின் நகல். பாலக்காட்டுப் பக்கம் ஊண்ட் சர்டிபிகேட், அதாவது காயச் சான்றிதழ். எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் காயம், தெரிந்தவரா தெரியாதவரா அடித்தது என்று நீங்கள் முதலில் சொல்வதுதான் அதில் ஏறும். தாக்குதல் என்று சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்தே காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். மேனேஜர் பயந்தது அதற்குத்தான்.

தையல் போட்ட அன்றைய பில் 6,000 ரூபாயை பார் கட்டியது. மூன்று வாரம் கழித்தும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். 1,20,000 ரூபாய். பாரில் போய்க் கேட்டால், "நீங்க ஏஜென்சி ஆளு, அங்க கேளுங்க" என்றார்கள். ஏஜென்சியில், "வீட்டுல விழுந்ததுக்கு நாங்க என்னப்பா பண்ண முடியும்?" என்றார்கள். அம்மாவின் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. சங்கிலி மட்டும்தான் திரும்பி வந்தது.

இதில் எனக்கு இன்றும் வயிறு எரிவது எதற்கு என்றால், எனக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இருந்தது. ஏஜென்சி என்னைப் பதிவு செய்து, சம்பளத்தில் பிடித்துக் கட்டியும் வந்திருக்கிறது. எனக்கே அது தெரியாது. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் சிகிச்சை முழுக்க இஎஸ்ஐ பார்த்திருக்கும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வந்திருக்கும். சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் அந்த உரிமை உண்டு. இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. கையில் இருந்த அதை நான் ஒரு வாக்கியத்தில் தொலைத்தேன். வீட்டில் விழுந்தது வேலைக் காயம் ஆகாது.

எனவே, ரத்தம் கொட்டினாலும் உண்மையைச் சொல்லுங்கள். "இந்த இடத்தில் டியூட்டியில் இருந்தேன், இத்தனை மணிக்கு, ஒருவர் கிளாஸால் தாக்கினார்." இவ்வளவு போதும். மேனேஜர் பக்கத்தில் நின்றால் வெளியே இருக்கச் சொல்லுங்கள். ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். மறுநாளே ஏஜென்சிக்கும் பாருக்கும் நடந்ததை எழுதி அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அதிலேயே கேளுங்கள். சில வாரங்களில் அதன் மேல் வேறு பதிவு ஏறிவிடும்.

அப்புறம், உங்கள் இஎஸ்ஐ எண்ணை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 10 இலக்கம். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் அதற்குள் வருவீர்கள். 16,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 120 ரூபாய், முதலாளி பங்கு 520.

வெள்ளைத் தாளில் கையெழுத்து

போடாதீர்கள். பிறகு அதுவே ராஜினாமா கடிதமாக வந்து நிற்கும்.

அடையாள அட்டை சூப்பர்வைசரிடம் இருப்பது

புகைப்பட அட்டை கொடுக்க வேண்டியது ஏஜென்சியின் கடமை என்று அந்த 2005 சட்டமே சொல்கிறது. அது உங்கள் பையில் இருக்கட்டும்.

ஆளைப் பிடித்து அறையில் பூட்டுவது

பில் கட்டாதவனை ஸ்டோர் ரூமில் உட்கார வைப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள். அது சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம். எஃப்ஐஆரில் பெயர் ஏறுவது மேனேஜருக்கு அல்ல, உங்களுக்கு. கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் நடந்தால் மட்டுமே தனிமனிதர் ஒருவரைப் பிடிக்கலாம். அப்போதும் உடனே போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். எப்படியும் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெறும் பில் தகராறு இதில் வராது.

கை உடைந்த பிறகு சங்கத்தைத் தேடுவது

என் அப்பா கோவையில் மில் தொழிலாளி. சங்கச் சந்தா ரசீதுகளை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருப்பார். அது கிழவர்களின் பழக்கம் என்று நினைத்தேன். உடம்பு இருக்கிறது, எனக்கு எதற்கு சங்கம் என்று இருந்தேன். அந்த நினைப்பு இந்த வேலையில் எல்லோரிடமும் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்துதான் சங்க அலுவலகத்துக்குப் போனேன், அதுவும் பாலக்காட்டில். வேலை நடந்தது தமிழ்நாட்டில் என்பதால் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்தில்தான் பேச முடியும் என்று சொல்லி கோவைக்கு அனுப்பினார்கள். வேலை எந்த மாநிலமோ அங்கே இயங்கும் சங்கத்தில் சேர வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. கோவைச் செயலாளர் என் ஏ.ஆர். நகலை இரண்டு முறை படித்தார். "இதுல வீட்டுல விழுந்ததா எழுதியிருக்குங்களே தம்பி. இத வெச்சுட்டு நான் யாருகிட்டப் பேசறது?" என்றார். என் இஎஸ்ஐ பதிவைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டியவரும் அவர்தான். அதற்கு முன்பே உறுப்பினராக இருந்திருந்தால், காரில் போகும்போதே அவருக்கு ஒரு போன் அடித்திருப்பேன்.

ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி, பிஎம்எஸ், தொமுச என்று எதுவாக இருந்தாலும் பாதுகாவலர்களைச் சேர்க்கும் பதிவு பெற்ற சங்கமா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். சந்தாவுக்கு ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். தனியாகப் போய்ச் சேரப் பயமாக இருந்தால் ஒரே ஏஜென்சியில் நான்கைந்து பேராகச் சேருங்கள். ஒருவரை ரோஸ்டரிலிருந்து தூக்குவது எளிது, ஐந்து பேரைத் தூக்கினால் சனிக்கிழமை கேட்டில் ஆள் இருக்காது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதைச் சட்டம் நியாயமற்ற தொழில் நடைமுறை என்கிறது. சேரும் படிவத்தில் வேலை 'செக்யூரிட்டி கார்டு' என்று எழுதுங்கள். பசாராவில் பவுன்சர் என்ற சொல்லே இல்லை. 'ஈவென்ட் ஸ்டாஃப்' என்று எழுதினால் பாதுகாவலருக்கான எந்த விதியும் உங்களுக்கு இல்லை என்று வாதாடுவார்கள்.

அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போன வாரம் கோவை போனேன். பைக்கில் விழவில்லை என்று நடந்ததை எழுதி காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறோம். ஏன் முதலில் மாற்றிச் சொன்னான் என்பதையும் எழுதியிருக்கிறோம். மேனேஜர் அன்று அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தி அவன் போனில் இருக்கிறது. அதை என் போனிலும் ஒன்று ஏற்றி வைத்துக்கொண்டேன். கூட டியூட்டி பார்த்த இரண்டு பேரிடம் சாட்சிக் கடிதம் கேட்டோம். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொருவர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.