கிறிஸ்தவ வரலாற்று மர்ம நாவல்: முதல்முறை வாசிப்பவர்களுக்கு

ஒரு கொலை, ஒரு மடம், மனதில் இருப்பதைச் சொல்லத் தயங்கும் இரண்டு பேர். இந்த வகை நாவலைப் புதிதாக எடுப்பவர்கள் கொலையாளி யார் என்று தேடி ஓடுகிறார்கள். ஜெபக் காட்சி வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிய பக்கத்தில்தான் பல நேரம் துப்பு இருக்கும்.

படி 1: தொடங்க ஒரு புத்தகம்

எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய பிரதர் காட்ஃபேல் நாவல்களைத்தான் முதலில் சொல்வேன். 1977 முதல் 1994 வரை 20 நாவல்கள் வந்தன. சிலுவைப் போருக்குப் போய்வந்து துறவியான காட்ஃபேல், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகைத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டே மர்மங்களை அவிழ்க்கிறார். எதை வேண்டுமானாலும் தனியாகப் படிக்கலாம். ஆனாலும் வரிசையாகப் போங்கள். ஒரு கதையில் காதலித்தவர்கள் அடுத்தடுத்த கதைகளில் குடும்பமாக வருவார்கள்.

படி 2: ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

கதை எந்த ஆண்டில் நடக்கிறது, அப்போது யார் ஆட்சி, யாருக்கு யாரோடு பகை என்று அரைப் பக்கம் படித்தால் போதும். 1135இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி இறந்ததும் அவர் மகள் மட்டில்டாவும் (மாட் என்றும் சொல்வார்கள்) சகோதரி மகன் ஸ்டீபனும் அரியணைக்கு மோதிக்கொண்டார்கள். 1138இல் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன், எதிர்த்து நின்றவர்களைக் கூட்டமாகத் தூக்கிலிட்டார். இது வரலாறு. காட்ஃபேல் வரிசையின் இரண்டாவது நாவல் இங்கேதான் தொடங்குகிறது: அடக்கம் செய்ய வேண்டிய உடல்கள் 94, எண்ணிப் பார்த்தால் 95. போர்ச் சாவுகளுக்கு நடுவே ஒருவன் தான் செய்த கொலையை ஒளித்திருக்கிறான். இறந்தவர் ஒவ்வொருவரையும் மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு துறவி நினைத்ததால்தான் அந்தக் கணக்கே வெளியே வருகிறது. விசுவாசமும் துப்பறிதலும் ஒரே செயலாகிவிடும் இந்த இடத்துக்காகவே இந்த வகை நாவல்கள் எனக்குப் பிடிக்கும்.

படி 3: அந்தக் காலத்தில் எது இல்லை?

லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்தது 1901இல். ஆர்செனிக் விஷத்தைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836இல். அதற்கு முந்தைய கதையில் எல்லாம் கண், காது, மனித மனம் பற்றிய அறிவுதான். தேதிகளிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. அதனால் '1740 பிப்ரவரி' என்று தேதியிட்ட கடிதம் 1740 டிசம்பருக்குப் பிறகு எழுதப்பட்டது! டிசம்பரில் இறந்தவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், சரி, யாரோ பொய் சொல்கிறார்கள்.

படி 4: திருச்சபை விதிகளைத் துப்பாகப் படியுங்கள்

மடத்தில் ஜெபவேளைகள்தான் கடிகாரம். வெஸ்பர்ஸ் மாலையில், காம்ப்ளின் படுக்கப் போகுமுன், மாட்டின்ஸ் நடு இரவை ஒட்டி. காம்ப்ளினுக்கு எல்லோரும் வந்திருக்க ஒருவருடைய இடம் மட்டும் காலியாக இருந்தால் அதைக் குறித்து வையுங்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆலயத்துக்குள் ஓடி அடைக்கலம் கேட்டால், 40 நாள் வரை அவரைத் தொட முடியாது. அதற்குள் உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கதைக்குத் தானாகவே வேகம் வந்துவிடும். பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை ரகசியமாக அறிக்கையிடுவது, இதைவிடக் கனமானது. அதில் கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குக் கடும் தண்டனை என்று 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை விதித்தது. கொலையாளி யார் என்று தெரிந்தும் வாய் திறக்க முடியாத ஒரு குருவானவரை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு காட்சி வந்தால் அவர் எதைச் சொல்லவில்லை, எந்தக் கேள்விக்குப் பேச்சை மாற்றினார் என்று நிதானமாகப் படியுங்கள்.

படி 5: காதலுக்கு அவசரப்படாதீர்கள்

இங்கே காதல் பெரும்பாலும் ஒரு பார்வையிலும், ஒருவருக்காக மற்றவர் எடுக்கும் ஆபத்திலும்தான் தெரியும். கூடவே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் காதல் யாருடைய சாட்சியத்தை மாற்றுகிறது? காதலியைக் காப்பாற்றப் பொய் சொல்பவனும் குற்றத்தை மறைக்கப் பொய் சொல்பவனும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பார்கள். கல்யாண ஓலை வாசிக்கும் காட்சியையும் விட்டுவிடாதீர்கள். தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று சபை நடுவே அறிவிக்கும்போது, பழைய ரகசியம் ஒன்று எழுந்து நிற்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

படி 6: ஆசிரியர் குறிப்பு கடைசியில்

இத்தகைய நாவல்கள் பலவற்றில் எது வரலாறு, எது கற்பனை என்று ஆசிரியர் பின்னால் எழுதியிருப்பார். முன்கூட்டியே புரட்டினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். முடித்த பிறகு படியுங்கள். அப்புறம் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்ப எடுங்கள். கொலையாளி பேசும் முதல் வசனம் இப்போது வேறு மாதிரி கேட்கும்.