ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

படிக்க வெளிநாடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பெட்டியில் விட்டுப்போனதைப் போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஊரில் நேரில் நின்று முடிக்க வேண்டிய வேலை விட்டுப்போனால், தொலைவில் இருந்துகொண்டு அதை முடிப்பது பெரும்பாடு. கடைசி மாதங்களை அந்த வேலைகளுக்கு ஒதுக்குங்கள்.

முதலில் பாஸ்போர்ட். பல நாடுகள் அது குறைந்தது இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. படிப்பு முடியும்வரை செல்லுபடியாகும்படி இப்போதே புதுப்பித்துவிட்டால் நிம்மதி. அடுத்து, எல்லாத் தாள்களிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணத்தை இங்கேயே வாங்கிவிடுங்கள். சான்றிதழ்களுக்கு அரசுச் சான்றொப்பம் வேண்டுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். பிற நாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால் பொதுவாக அப்போஸ்டில் எனப்படும் அரசுச் சான்று முத்திரை போதும். இல்லையென்றால் தூதரகம் வரை போக வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

பலரும் கோட்டைவிடுவது வங்கி விஷயத்தில்தான். வங்கியின் ஓடிபி ஊரில் உள்ள கைபேசி எண்ணுக்கே வரும். சிம் கார்டு செயலிழந்தால் உங்கள் பணத்தை நீங்களே தொட முடியாது. வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வரும்படி ரோமிங்கை இயக்கி வையுங்கள், எண் காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா என்றும் வங்கியில் கேட்டுவிடுங்கள்.

உடல்நலத்துக்கு வருவோம். பல பல்கலைக்கழகங்கள் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசிச் சான்று கேட்கும். இதன் 2 டோஸ்களுக்கு நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும், எனவே கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. பல்லையும் கண்ணையும் காட்டிவிட்டே கிளம்புங்கள். மாணவர் காப்பீடுகள் பலவற்றில் பல் சிகிச்சை சேராது. தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்குக்கூட முன் அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு.

சரி, பெட்டி. பாஸ்போர்ட், அசல் சான்றிதழ்கள், மருந்து, ஒரு நாள் மாற்றுடை எல்லாம் கைப்பையில். பவர் பேங்கும் அதில்தான், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவாக 100 வாட்-மணிக்கு உட்பட்டதை, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை, அனுமதிப்பார்கள். ஊர் மின்சாரம் 230 வோல்ட், போகிற நாட்டில் 120 என்றால், பிளக் மாற்றி மட்டும் போதாது. சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

வீட்டாரோடு உட்கார்ந்து பேசவும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். எப்போது அழைப்பீர்கள், ஒருநாள் அழைக்காவிட்டால் யாரிடம் விசாரிப்பது, பணம் குறைந்தால் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதையெல்லாம் வெளிப்படையாகப் பேசுங்கள். கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டால், பிறகு இரண்டு பக்கமும் தூக்கம் கெடும். கடன் வாங்கியிருந்தால், உங்களுக்காகக் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிவையுங்கள்.

விமான டிக்கெட் எடுக்கும்போது, முடிந்தால் வார நாளில், பகலில் போய் இறங்கும்படி பாருங்கள். விடுதிச் சாவி தரும் அலுவலகம் அப்போதுதான் திறந்திருக்கும். முகவரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கைபேசியில் இணையம் கிடைக்காமல் போகலாம்.