நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: பையிலிருந்து சட்டிக்கு மாறும்போது நடக்கும் பிழைகள்

கடையில் விற்கும் நாய்த்தீனை நம்பலாமா என்ற சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனைத் தீனில் சேர்த்த கோதுமைப் புரதமான குளுட்டனில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யும் இரசாயனம் கலந்திருந்தது. அதைத் தின்ற பிராணிகளின் சிறுநீரகம் பழுதானது. 2019இல் விட்டமின் டி அளவுக்கு மீறிப் போனதால் நாய்களுக்கான டின் உணவு திருப்பி எடுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் சோளத்தில் வந்த அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு அமெரிக்காவில் பல நாய்களைக் கொன்றது. இங்கே இலங்கையில் இந்தப் பயத்தோடு விலையும் சேர்ந்துகொண்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதித் தீன் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் நாய்க்கென்று தனிச் சட்டி அடுப்பில் ஏறியது.

வீட்டில் சமைத்துக் கொடுப்பது தப்பில்லை. ஒழுங்காகச் செய்தால் நாய் நன்றாகவே இருக்கும். ஆனால் பையைத் தூக்கி எறிந்தவுடன் ஆபத்தும் அதோடு போய்விட்டது என்று நினைக்கிறோமே, அங்கேதான் முதல் பிழை. கடைக்குப் போய் "நாய்க்குத்தான்" என்று சொல்லி, வேறு யாரும் வாங்காத குறுணல் அரிசியை மலிவாகக் கட்டிக்கொண்டு வருகிறோம். மக்கல் மணம் அடித்தால், கழுவி அவித்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் நாய்களைக் கொன்ற அதே நஞ்சு அந்த அரிசியிலும் இருக்கலாம். சோறு கொதிக்கும் சூட்டில் அது அழியாது. பூஞ்சணம் பிடித்த கச்சான், கறுத்துப்போன கொப்பரா, பழைய புண்ணாக்கு எல்லாம் இதே கணக்குத்தான். நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று ஒதுக்கும் அரிசி நாய்க்கும் வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சில கடைகளில் நாய்த்தீனின் பெரிய மூட்டையைத் திறந்து வைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். எங்கள் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் வாய் திறந்த மூட்டையில் கொழுப்புக் காறிப்போகும், பூஞ்சணமும் பிடிக்கும். உங்கள் பயம் அந்த மூட்டையைப் பார்த்து வந்ததென்றால், திகதி அச்சிட்ட சிறிய பையாக வாங்கி இறுக்கி மூடி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சமையலுக்கு நேரமில்லாத வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். பாதி கடைத்தீன், பாதி வீட்டுச் சாப்பாடு என்று கொடுத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

"ஊர் நாய்கள் காலங்காலமாக மிச்சச் சோறும் குழம்பும் தின்றுதானே வளர்ந்தன?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வளர்ந்தன, உண்மைதான். ஆனால் அந்த நாய் படலையைத் தாண்டி ஊரெல்லாம் சுற்றியது. எலி பிடித்தது, மீன் தலை பொறுக்கியது, இறைச்சிக் கடை வாசலில் காவல் கிடந்தது. நோயில் செத்த குட்டிகளை யாரும் கணக்கில் எடுக்கவும் இல்லை. இன்றைக்கு மதிலுக்குள் அடைபட்டிருக்கும் லப்ரடோருக்கு நீங்கள் கோப்பையில் போடுவதுதான் எல்லாம். அதில் இல்லாதது அதன் உடம்பிலும் இருக்காது.

பையில் இருப்பதும் சட்டியில் இல்லாததுமான பொருட்களில் முதலாவது கல்சியம். ஒரு கணக்குப் பார்ப்போம். குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை செய்த, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். 200 கிராம் சோறு, தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழி 150 கிராம், ஒரு முட்டை, 100 கிராம் பூசணி அல்லது கரட், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். பார்த்தால் எங்கள் சாப்பாட்டை விட நல்ல சாப்பாடு. ஆனால் அதில் கல்சியம் 100 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். நாய்க்கு வேண்டியது 800 மில்லிகிராம் அளவு. பொஸ்பரசோ 500 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நாய்ச் சாப்பாட்டில் கல்சியம் பொஸ்பரசுக்குச் சமமாகவோ, கூடினால் இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும். இங்கே ஐந்தில் ஒரு பங்குதான். இப்படியே மாதக்கணக்கில் போனால் குறையும் கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். குட்டியென்றால் கால் வளையும், கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். வளர்ந்த நாயில் வெளியே தெரிய நாள் எடுக்கும்.

இதற்கு விலை குறைந்த வழி முட்டைக் கோது. கழுவி, நன்றாக வறட்டி, மிக்சியில் மா போல அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டித் தூளில், அதாவது ஏறக்குறைய 5 கிராமில், 1,800 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. மேலே சொன்ன சாப்பாட்டுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் கணக்குச் சரிவரும். குரக்கன் கூழ் போதாதா என்று கேட்பார்கள். குரக்கன் மா 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கல்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றுக்குப் பதிலாகக் கொடுக்கலாம். கோதுக்குப் பதிலாக ஆகாது.

கோதைப் போட்டவுடன் வேலை முடிந்ததென்று நினைப்பது அடுத்த பிழை. துத்தநாகம், செம்பு, அயடீன், விட்டமின் டி, ஈ எல்லாம் இன்னும் குறைவாகவே இருக்கும். எங்கள் வெயிலில் நிறுத்தினால் விட்டமின் டி வந்துவிடும் என்றும் நம்ப முடியாது. மனிதரைப் போல நாயின் தோல் அதைப் போதியளவு உண்டாக்காது. மஞ்சள் கருவிலும் சூடை போன்ற மீனிலும்தான் அது கொஞ்சம் கிடைக்கும். 2013இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். 95 வீதமானவற்றில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தேனும் குறைந்தது. அவற்றில் மிருக வைத்தியர்கள் எழுதியவையும் இருந்தன. அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள சாப்பாட்டையும் அப்படியே நிரந்தரமாக்க வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டில் சேர்ப்பதற்கென்று செய்த விட்டமின், கனியுப்புத் தூளை மிருக வைத்தியரிடம் கேட்டு, அளவையும் கேட்டுச் சேருங்கள். மனிதர் குடிக்கும் குளிசையை உடைத்துப் போட வேண்டாம். ஈரல் நல்லதென்று தினமும் அள்ளிப் போடுவதும் பிழைதான். விட்டமின் ஏ கூடிவிடும். மொத்தச் சாப்பாட்டில் இருபதில் ஒரு பங்குக்குள் நிறுத்தலாம்.

அடுத்தது குழம்பு. சட்டியில் மிஞ்சிய கறிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது எங்கள் வழக்கம். மிளகாய்த்தூளும் உப்பும் ஒருபுறம் இருக்கட்டும், வெங்காயமும் உள்ளியும்தான் பெரிய சிக்கல். பச்சையோ வதக்கியதோ தூளோ, எந்த வடிவிலும் அவை நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். ஒரே நாளில் நிறையத் தின்றாலும், நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் பாதிப்புத்தான். பல் முரசு (ஈறு) வெளிறுவதும் சிறுநீர் கறுப்பதும் சில நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால் யாரும் குழம்பைச் சந்தேகிப்பதில்லை. புளியும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. முந்திரிகைப்பழம் (திராட்சை) நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்த விடயம். அதற்குக் காரணம் தாத்தாரிக் அமிலமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். பழப்புளியிலும் அதுவே உண்டு. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்த சம்பவங்கள் 2022இல் ஆய்விதழில் வெளிவந்தன. ஆக மீன் குழம்பு, ஒடியல் கூழ், முற்றத்துப் பந்தலில் உதிரும் முந்திரிகை மூன்றும் வேண்டாம். தேங்காய்ப்பால் கூடிய சொதியையும் விடுங்கள். கொழுப்புக் கூடினால் கணையம் வீங்கும். நாய்க்கு வேண்டியதைத் தாளிக்க முதல், தூள் போட முதல் எடுத்து வையுங்கள். தனிச் சமையலே தேவைப்படாது.

மீனையும் இறைச்சியையும் அவித்தே கொடுங்கள். நெத்தலி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அவற்றிலுள்ள தியமினேஸ் என்ற நொதியம் விட்டமின் பி1ஐ அழித்துவிடும், நாய் தள்ளாடும். அவித்தால் அந்தக் கவலை இல்லை. ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரல் வேண்டவே வேண்டாம். அதில் நாடாப்புழுவின் கட்டி இருந்தால் நாய்க்கு அந்தப் புழு வரும், அதன் முட்டை நாயின் மலத்தின் வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும். அவித்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலில் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் வயிற்றோட்டம் போகும். உடனே "வீட்டுச் சாப்பாடு ஒத்துவரவில்லை" என்று பழைய பைக்கே திரும்புவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால்வாசி, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். சமைத்ததை அடுப்படியில் மூடி வைத்து இரவுக்கும் அதையே போடுவதும் எங்கள் வெக்கைக்கு ஒத்துவராது. ஆறியதும் பிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

குட்டிகள், கர்ப்பமான நாய்கள், சிறுநீரக நோய் உள்ளவை ஆகியவற்றை வைத்தியரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. மற்ற நாய்களை மாதமொருமுறை நிறுத்துப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். எடை இறங்கினாலோ, மயிர் உதிர்ந்தாலோ, நொண்டினாலோ வைத்தியரிடம் போகும்போது, அந்த வாரம் சட்டிக்குள் போனதை எடையோடு எழுதிக் கொண்டுபோங்கள். "சோறும் இறைச்சியும்" என்று மட்டும் சொன்னால் அவராலும் எதையும் கணக்கிட முடியாது.