பூச்சிப் புத்தகம் வாங்கும் முன் ஒரு கல்லைப் புரட்டுங்கள்: ஃப்ளை தூண்டில் பழகுபவர்களுக்கு

மண்புழு கோத்துப் போடும் தூண்டிலுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரி செய்து வீசும் ஃப்ளை தூண்டில் அப்படி இல்லை. மீன் இந்த நேரத்தில் எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தெரிந்தால்தான் எதைச் சுற்றுவது என்று முடிவு செய்ய முடியும். அதனால் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். கடைக்குப் போகும் முன் ஆற்றுக்குப் போங்கள் என்பேன் நான்.

படி 1: ஆற்றில் இருப்பதைப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணையில் கணுக்கால் அளவு தண்ணீர் கல்லில் சலசலத்து ஓடும் இடம் போதும். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் மட்டும் இறங்காதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், ஸ்கேல், மூடி போட்ட சின்ன டப்பா இவ்வளவுதான் வேண்டும். கையளவு கல் ஒன்றைத் தூக்கும்போது, தண்ணீர் போகும் பக்கம் வடிகட்டியைப் பிடியுங்கள். கல்லின் அடிப்பக்கத்தைத் தட்டில் கழுவுங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் தட்டில் நெளிவது தெரியும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள். அது ஒரு குடியிருப்பு.

ஒகேனக்கல்லில் செய்து பார்க்கலாம் என்று தோன்றும். அந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலும் வேண்டாம், கல் புரட்டலும் வேண்டாம். காவிரியின் திமில் மகசீர் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது. அந்த மீனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இது.

படி 2: தட்டில் உள்ளதைப் பிரியுங்கள்

இனத்தின் பெயர் தேவையில்லை, எந்தக் கூட்டம், அதாவது எந்தப் பெரிய பிரிவு, என்று தெரிந்தால் போதும். வயிற்றின் இரு பக்கமும் சின்னச் செதில் போலச் செவுள் அசைந்து, பின்னால் பெரும்பாலும் மூன்று வால் இருந்தால் மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் குஞ்சு. இரண்டே வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. மணலையோ குச்சியையோ ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ் என்ற பூச்சியின் புழு. கூடு இல்லாமல் கல்லிடுக்கில் வலை பின்னி வாழும் கேடிஸும் நம் ஆறுகளில் உண்டு. சிவப்பு நூல் போல நெளிவது மிட்ஜ் என்ற சிறு ஈயின் புழு. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைக்க உதவும் ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பு. தட்டில் இது மட்டுமே நிறைய இருந்து வேறெதுவும் இல்லை என்றால், தண்ணீரின் நலத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அது.

படி 3: புத்தகத்துக்குப் பரீட்சை வையுங்கள்

இதுதான் முக்கியமான படி. புத்தகக் கண்காட்சியோ நூலகமோ, எடுத்த படத்தோடு போங்கள். அந்தப் பூச்சி எந்தக் கூட்டம் என்பதைப் பத்து நிமிடத்தில் அந்தப் புத்தகம் உங்களைக் கண்டுபிடிக்க வைக்கிறதா? "வால் இரண்டா, மூன்றா? செவுள் எங்கே?" என்று கேள்வி கேட்டுக் கிளை பிரித்துக்கொண்டு போகும் பக்கங்கள் இருந்தால் பாதி ஜெயம். அழகான படங்களை மட்டும் வரிசையாக அடுக்கியிருந்தால் ஆரம்பத்தில் திணறிப்போவீர்கள்.

நான் முதலில் பார்ப்பது ஊசித்தட்டான் குஞ்சுப் பக்கம். அதன் பின்னாலும் மூன்று நீட்டல்கள் இருக்கும், ஆனால் அவை இலை மாதிரித் தட்டையான செவுள்கள். மேஃப்ளையின் வால் நூல் மாதிரி மெல்லியது. நானே முதல் மாதம் முழுக்க இரண்டையும் குழப்பிக்கொண்டேன். இந்த வித்தியாசத்தைப் படம் போட்டுச் சொல்லும் புத்தகத்தை நம்பலாம்.

அப்புறம், பருவங்களைப் பாருங்கள். மீன் தின்பது பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும் குஞ்சையும், மேலே ஏறி வருவதையும்தான். மேஃப்ளை தண்ணீரை விட்டு வந்து சிறகு விரித்த பிறகு இன்னொரு முறை தோலுரிக்கும். முதலில் மங்கலாக, பிறகு பளபளப்பாக. சிறகு முளைத்த பூச்சியை மட்டும் காட்டும் புத்தகம் தூண்டில்காரருக்குப் பாதிப் புத்தகம். நீளம் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், முள்ளின் அளவைத் தேர்வது அதை வைத்துத்தான். படங்கள் உயிருள்ள பூச்சியினுடையதா என்றும் கவனியுங்கள். சாராயத்தில் ஊறிய பூச்சி நிறம் வெளுத்துவிடும். அதைப் பார்த்து நூல் நிறம் தேர்ந்தெடுத்தால் தப்பாகப் போகும்.

படி 4: வெளிநாட்டுப் புத்தகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

1836-இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ரோனால்ட்ஸ் தன் புத்தகத்தில் உண்மைப் பூச்சியையும் அதற்கான ஃப்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார். அந்த அமைப்பு இன்றைக்கும் சிறந்தது, அப்படிப்பட்ட புத்தகம் கிடைத்தால் ஃப்ளை கட்டுவதற்காக வாங்குங்கள். ஆனால் அதிலுள்ள "எந்த மாதம் எந்தப் பூச்சி" அட்டவணையை இங்கே நம்பாதீர்கள். அது குளிர் முடிந்து வெயில் வரும் நாட்டின் கணக்கு. நமக்கு ஆடியில் காவிரி புதுவெள்ளம், ஐப்பசியில் அடைமழை. வெதுவெதுப்பான ஆற்றில் பல பூச்சிகள் வருடத்தில் பல தலைமுறை காண்கின்றன. அட்டவணையை நீங்கள்தான் எழுத வேண்டும்.

படி 5: எதை முதலில் வாங்குவது

முதல் புத்தகம் இந்திய நீர்ப்பூச்சிகளுக்கானதாக இருக்கட்டும். சுப்ரமணியனும் சிவராமகிருஷ்ணனும் எழுதி 2007-இல் வெளிவந்த களக் கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் கூட்டத்தைவிடச் சிறிய பிரிவான குடும்பம்வரை கொண்டுபோய் விடுகிறது. ஆரம்பத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது, பொதுவான பூச்சிப் புத்தகம் ஒன்று. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பித் தண்ணீரில் விழும்போது கெண்டை மேலே வந்து வாய் பிளக்கும். ஈசல், எறும்பு, வெட்டுக்கிளி எல்லாம் அந்தப் பொதுப் புத்தகத்தில்தான் இருக்கும். 1930-களில் மூன்று தொகுதியாக வந்த ஃப்ரேசரின் தட்டான் நூல் போன்றவற்றை நூலகத்தில் பாருங்கள், சொந்தமாக வேண்டியதில்லை.

பைக்குள் அடங்கும் அளவு, நனைந்தாலும் ஒட்டாத தாள், பிரித்தால் விரிந்து நிற்கும் தைத்த கட்டு. அவ்வளவுதான். ஓரத்தில் குறித்து வைக்கப் பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனா மை ஈரத்தில் பரவிவிடும். தேதி, இடம், தண்ணீர் கலங்கலா தெளிவா, எந்தப் பூச்சி, எத்தனை மில்லிமீட்டர். என் புத்தகத்தில் மேஃப்ளைப் பக்கத்தின் ஓரம் முழுக்கக் காவேரிப்பட்டணம்தான்.