1575 முதல் 1600 வரை: உலகெங்கும் நடந்த போர்களை ஒரே காலவரிசையில் அடுக்குவது எப்படி?

இங்கிலாந்தைத் தாக்க ஸ்பெயின் அனுப்பிய ஆர்மடா என்ற போர்க்கப்பல் படையும் ஆங்கிலக் கப்பல்களும் கிரேவ்லைன்ஸ் கடலில் மோதியது எப்போது? ஒரு புத்தகம் 1588 ஜூலை 29 என்கிறது, இன்னொன்று ஆகஸ்ட் 8 என்கிறது. இரண்டுமே சரி, நாள்காட்டிதான் வேறு. இது புரியாமல் காலவரிசை போட உட்கார்ந்தால் பத்தாவது வரியிலேயே எல்லாம் குழம்பும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், வினாடி வினா நடத்துபவர்கள், வரலாற்று நாவல் எழுத நினைப்பவர்கள் என்று பலரும் இந்தக் காலகட்டத்துக்கு வருகிறார்கள். ஐரோப்பா, துருக்கி, இந்தியா, ஜப்பான், கொரியா எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்க்க ஆசைப்பட்டு நான் ஒரு ஷீட் போட்டேன். அதை எப்படிப் போடுவது என்பதுதான் இந்தப் பதிவு. ஷீட்டில் வரிசைப்படுத்துவது, செல்லுக்கு வடிவம் கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நெடுவரிசைகள்

நிகழ்வு, இடம், ஆவணத்தில் உள்ள நாள், எந்த நாள்காட்டி, புதிய முறை நாள், மாற்று நாள், கிழமை. இந்த ஏழும் போதும். புதிய முறை, மாற்று நாள் என்றால் என்ன என்பது அடுத்த இரண்டு படிகளில் வரும். நிறம், படம், கொடி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'ஆவணத்தில் உள்ள நாள்' என்ற நெடுவரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அதை வெறும் எழுத்தாகவே வைத்திருங்கள். கணக்கு எல்லாம் பக்கத்து நெடுவரிசைகளில் நடக்கட்டும்.

காலவரிசைக்கென்றே தனி ஆப்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்கவில்லை. அழகாகக் காட்டும், ஆனால் ஒரு நிகழ்வுக்கு இரண்டு தேதி கொடுக்க இடம் இருக்காது. சாதாரண ஷீட்தான் இந்த வேலைக்குச் சரி.

படி 2: 400 ஆண்டு கூட்டுங்கள்

எக்செலில் 1588-08-08 என்று அடித்துப் பாருங்கள். அதை நாளாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துவிடும். 1900-க்கு முந்தைய நாள்கள் அதற்குத் தெரியாது. இரண்டு நாள்களுக்கு இடையே எத்தனை நாள் என்று கழிக்கவும் முடியாது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். 400 ஆண்டு என்றால் 146097 நாள்கள். அது 7-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால் கிழமைகூட மாறாது. ஆகவே மாற்று நாள் நெடுவரிசையில் 1588-க்குப் பதில் 1988 என்று போடுங்கள். 1600-க்கு 2000. ஷீட் மகிழ்ச்சியாகக் கணக்குப் போடும். 1988 ஆகஸ்ட் 8 திங்கள்கிழமை. கிரேவ்லைன்ஸ் சண்டை நடந்ததும் திங்கள்கிழமைதான்.

நாளை அடிக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையிலேயே அடியுங்கள். 8/2 என்று அடித்தால் சில கணினிகள் பிப்ரவரி 8 என்றும், சில ஆகஸ்ட் 2 என்றும் எடுத்துக்கொள்ளும்.

(பிற்சேர்க்கை: ஒரு வாசகர் இதை அச்செடுத்து வகுப்பில் ஒட்டியிருக்கிறார். 'ஆர்மடா 1988' என்று பார்த்துப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அச்செடுக்கும்முன் மாற்று நாள் நெடுவரிசையை மறைத்துவிடுங்கள், கிழமையை மட்டும் காட்டுங்கள்.)

படி 3: பழைய முறையா, புதிய முறையா?

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1582 பிப்ரவரியில் போப் பதிமூன்றாம் கிரிகோரி நாள்காட்டியைத் திருத்தும் ஆணையை வெளியிட்டார். அப்படித் திருத்திய கிரிகோரியன் நாள்காட்டிதான் புதிய முறை, அதற்கு முந்தைய ஜூலியன் நாள்காட்டிதான் பழைய முறை. ஜூலியன் நாள்காட்டி சூரியனிடமிருந்து 10 நாள் விலகிப் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஸ்பெயின், போர்த்துகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாளை அக்டோபர் 15 வெள்ளி என்று வைத்தார்கள். அவிலாவின் புனித தெரசா இறந்தது சரியாக அந்த இரவில். 4-ஆம் தேதி இரவு இறந்தவரை மறுநாள் 15-ஆம் தேதி அடக்கம் செய்தார்கள்.

பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பர் 9-லிருந்து 20-க்குத் தாவியது. ஹாலந்து, ஜீலாந்து மாகாணங்களும் சீக்கிரமே மாறின. ஆனால் போப் சொன்னதை ஏற்க எலிசபெத்தின் இங்கிலாந்து தயாராக இல்லை. அது மாறியது 1752-இல். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700 வரை பழைய முறையிலேயே இருந்தன. ரஷ்யா 1918 வரை.

ஆக, 1588-இல் ஆங்கிலக் கால்வாயில் எதிரெதிரே நின்ற இரண்டு படைகளும் இரண்டு நாள்காட்டியில் எழுதின. ஆர்மடா கண்ணில் பட்டது இங்கிலாந்துக்கு ஜூலை 19, ஸ்பெயினுக்கு ஜூலை 29. பிளிமத் அருகே முதல் சண்டை 21 அல்லது 31. கலே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஆர்மடாவை நோக்கி ஆங்கிலேயர் நள்ளிரவில் எட்டுத் தீக்கப்பல்களை அனுப்பியதும், அதற்கு அடுத்த நாள் கிரேவ்லைன்ஸும் இப்படியே.

இதில் என்ன ஆபத்து என்று கேட்டால், ஓர் உதாரணம் சொல்கிறேன். தில்பரியில் திரண்டிருந்த படைகளிடம் எலிசபெத் பேசிய புகழ்பெற்ற உரை ஆகஸ்ட் 9 என்று ஆங்கில நூல்களில் இருக்கும். கிரேவ்லைன்ஸ் நாளை ஸ்பானிய நூலிலிருந்து எடுத்திருந்தால் அது ஆகஸ்ட் 8. ஷீட் என்ன சொல்லும்? சண்டை முடிந்த மறுநாளே ராணி பேசினார் என்று சொல்லும். பீரங்கிப் புகை அடங்கும் முன்பே அவர் குதிரையில் வந்து நின்றதுபோல ஒரு படம் மனதில் விழும். உண்மையில் ராணியின் ஆகஸ்ட் 9 பழைய முறை. புதிய முறையில் அது 19. நடுவில் 11 நாள் ஓடியிருக்கிறது. அதற்குள் ஆர்மடா வடகடலைத் தாண்டி ஸ்காட்லாந்தைச் சுற்றித் திரும்பும் வழியில் போய்க்கொண்டிருந்தது. உரையின் பின்னணியே மாறிவிடுகிறது பாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. பழைய முறை நாள் என்றால் 400 ஆண்டு கூட்டி அடித்துவிட்டு, அதோடு 10-ஐக் கூட்டுங்கள். மாதம் தாண்டினால் ஷீட்டே பார்த்துக்கொள்ளும். நாம் பேசும் இந்த 25 ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் 10 நாள்தான். 11 நாள் என்பது 1700-க்குப் பிந்தைய கதை, அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்மடா பற்றிய புத்தகம் என்றால் கிரேவ்லைன்ஸ் நாளைத் தேடுங்கள். ஜூலை 29 என்றால் அந்தப் புத்தகம் பழைய முறைக் கட்சி, ஆகஸ்ட் 8 என்றால் புதிய முறைக் கட்சி. மற்றவற்றுக்குக் கிழமையைப் பிடியுங்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை இங்கிலாந்தில் வெட்டப்பட்டது 1587 பிப்ரவரி 8 புதன்கிழமை. அப்படியே 1987 பிப்ரவரி 8 என்று போட்டால் ஞாயிறு காட்டும். 10 கூட்டினால் பிப்ரவரி 18, புதன். அவ்வளவுதான், பழைய முறை என்று உறுதியாகிவிட்டது. கிழமை நெடுவரிசை எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

1582-க்கு முந்தைய நாள்கள்? ஐரோப்பா முழுவதும் பழைய முறைதான். மொராக்கோவின் அல்காசர்கிவிர் போரில் போர்த்துகீசிய மன்னர் செபாஸ்டியன் செத்தது 1578 ஆகஸ்ட் 4. வாரிசு இல்லாத அந்தச் சாவால்தான் போர்த்துகல் அரியணை ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் கைக்குப் போனது. இந்த நாளை எல்லோரும் ஆகஸ்ட் 4 என்றே எழுதுகிறார்கள், நீங்களும் வெளியே அப்படியே காட்டுங்கள். மாற்று நாளில் மட்டும் 10 கூட்டி 1978 ஆகஸ்ட் 14 என்று வையுங்கள். திங்கள்கிழமை சரியாக வரும்.

(பிற்சேர்க்கை: ஆங்கிலத் தளபதி ஸ்பெயின் கரையிலிருந்து கடிதம் எழுதினால் எந்த முறை என்று இருவர் கேட்டிருந்தார்கள். இடத்தைப் பார்க்காதீர்கள், எழுதியவரைப் பாருங்கள். நெதர்லாந்து மட்டும் தலைவலி. ஹாலந்து புதிய முறை, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து போன்றவை பழைய முறை. டெல்ஃப்ட் நகரில் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் சுட்டுக் கொல்லப்பட்ட 1584 ஜூலை 10 புதிய முறை நாள், அதற்கு 10 கூட்ட வேண்டாம்.)

படி 4: புத்தாண்டு எப்போது?

மேரியின் கதைக்கே வருவோம். அவர் கொல்லப்பட்டது 1587 பிப்ரவரி. ஆனால் அன்றைய ஆங்கில ஆவணங்களில் 1586 பிப்ரவரி என்று இருக்கும். இங்கிலாந்தில் அப்போது அரசாங்க ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதை அப்படியே ஷீட்டில் ஏற்றினால், 1586 அக்டோபரில் ஃபாதரிங்கே கோட்டையில் நடந்த விசாரணைக்கு எட்டு மாதம் முன்பே தண்டனை நிறைவேறிவிடும்!

ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள ஆங்கில நாள் எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். நல்ல பதிப்புகளில் 1586/7 என்று இரட்டையாகப் போட்டிருப்பார்கள். இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாவில் இன்னொரு விதம். அங்கே உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டை எண்ணினார்கள், செப்டம்பர் 1 புத்தாண்டு. 'பயங்கர' இவான் இறந்தது 7092 மார்ச் 18. 5508-ஐக் கழித்தால் 1584. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509-ஐக் கழிக்க வேண்டும். நாளோடு 10 கூட்ட மறக்காதீர்கள்.

படி 5: ஹிஜ்ரி, இலாஹி, கிழக்காசியா

இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்தான். ஆண்டு எண் மட்டும் கிடைத்தால் அது பெரும்பாலும் இரண்டு கிரிகோரியன் ஆண்டுகளில் பரவும். ஹிஜ்ரி 1000 தொடங்கியது 1591 அக்டோபர் 19, முடிந்தது 1592 அக்டோபர் முதல் வாரத்தில். இதற்கு இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் ஒருநாள் முன்னே பின்னே காட்டும், ஏனென்றால் பிறை பார்த்தது ஊருக்கு ஊர் மாறும். இன்னொன்று, அங்கே நாள் தொடங்குவது மாலையில். ராத்திரித் தாக்குதல்களில் இது உதைக்கும்.

அக்பர் 1584-இல் இலாஹி என்ற சூரிய ஆண்டைக் கொண்டுவந்து, அதை 1556-இல் தான் அரியணை ஏறியதிலிருந்து எண்ண வைத்தார். முகலாய ஆவணத்தில் பாரசீக மாதப் பெயரும் சின்ன ஆண்டு எண்ணும் பார்த்தால் ஹிஜ்ரி மாற்றியில் போடாதீர்கள்.

கொரியா, ஜப்பான் இன்னும் சுவாரஸ்யம். அங்கே மாதங்களுக்கு எண்தான், நிலவைப் பார்த்து எண்ணுவது. நம் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதுபோல அங்கேயும் இடையில் ஒரு மாதம் கூடும். எட்டாம் மாதம் என்று பார்த்ததும் ஆகஸ்ட் என்று போடுவதுதான் அதிகம் பேர் செய்கிற வேலை. ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி இறந்தது எட்டாம் மாதம் 18-ஆம் நாள். அது 1598 செப்டம்பர் 18. கொரியத் தளபதி யீ சுன்சின் நோர்யாங் கடற்போரில் விழுந்தது பதினோராம் மாதம் 19, அதாவது டிசம்பர் 16.

1592-இல் ஜப்பானியர் பூசான் கோட்டையைத் தாக்கிய நாளில் இன்னொரு சிக்கல். கொரியப் பதிவில் நான்காம் மாதம் 14, ஜப்பானியப் பதிவில் 13. இரண்டும் ஒரே நாள்தான், மே 24. நிலா ஒன்றானாலும் கணக்கர்கள் வேறு.

படி 6: ஆண்டு மட்டும் தெரிந்தவை

1591-இல் ஆந்த்ரே ஃபுர்தாடோ தலைமையில் போர்த்துகீசியர் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தார்கள். மன்னர் புவிராஜ பண்டாரம் கொல்லப்பட, எதிர்மன்னசிங்கன் அரியணையில் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு மொராக்கோ படை சஹாராவைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவின் சொங்காய் பேரரசை தோண்டிபியில் முறியடித்தது. முன்னதற்கு என் ஷீட்டில் ஆண்டு மட்டும் இருக்கிறது, பின்னதற்கு மார்ச் என்ற மாதமும் இருக்கிறது.

நாள் தெரியாத இடத்தில் ஜனவரி 1 என்று போட்டு நிரப்பாதீர்கள். ஒரு வருடத்தில் நடந்த எல்லாமே புத்தாண்டன்று குவிந்துவிடும். அதற்குப் பதில் 'முந்தைய எல்லை', 'பிந்தைய எல்லை' என்று இரண்டு நெடுவரிசை கூடுதலாகப் போடுங்கள். யாழ்ப்பாணத்துக்கு 1991-01-01, 1991-12-31. தோண்டிபிக்கு மார்ச் முதலும் கடைசியும். ஹிஜ்ரி ஆண்டு மட்டும் உள்ளவையும் இதே பெட்டியில் அடங்கும். வரிசைப்படுத்தும்போது பிந்தைய எல்லையை வைத்து வரிசைப்படுத்துவதுதான் எனக்குப் பிடிக்கும், நிச்சயமான நாள்கள் மேலே நிற்கும்.

இப்போது வரிசைப்படுத்துங்கள்

1588-ஐ எடுத்துப் பாருங்கள். மே 12-இல் பாரிஸ் மக்கள் தெருக்களை மறித்து பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியை ஊரைவிட்டே விரட்டுகிறார்கள். அந்த மாதக் கடைசியில் ஏறத்தாழ 130 கப்பல்களோடு ஆர்மடாவின் தளபதி மெதினா சிதோனியா லிஸ்பனை விட்டுக் கிளம்புகிறார். ஆகஸ்ட் 8 கிரேவ்லைன்ஸ். ஆகஸ்ட் 29-இல் ஜப்பானில் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறிக்க ஆணையிடுகிறார். டிசம்பர் 23-இல் புளுவா கோட்டையில் கீஸ் கோமகனை ஹென்றி ஆள் வைத்துத் தீர்க்கிறார். ஸ்பெயினின் கப்பல்கள் ஜெயித்திருந்தால் ஸ்பெயினின் கூட்டாளியான கீஸைத் தொட ஹென்றிக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்ற கேள்வி தானாக எழும். தனித்தனிப் பாடமாகப் படிக்கும்போது எனக்கு இது தோன்றியதே இல்லை.

1598 அதைவிட நெருக்கம். மே 2-இல் பிரான்சும் ஸ்பெயினும் வெர்வினில் சமாதானம் செய்துகொள்கின்றன. ஆகஸ்ட் 14-இல் அயர்லாந்தின் எல்லோ ஃபோர்டில் ஆங்கிலப் படை நொறுங்குகிறது. இது பழைய முறை, ஆகவே ஷீட்டில் 24. செப்டம்பர் 13 ஞாயிறன்று எஸ்கோரியல் அரண்மனையில் இரண்டாம் பிலிப் இறக்கிறார். ஐந்தே நாளில் உலகத்தின் அந்தக் கோடியில் ஹிதேயோஷி. எட்டாம் மாதத்தை ஆகஸ்ட் என்று போட்டிருந்தால் இந்த இரண்டு வரிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்திருக்காது.

(கடைசிப் பிற்சேர்க்கை: வரிசைப்படுத்தியதும் சில வரிகள் மட்டும் அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செல்களில் நாள் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. வேறு பக்கத்திலிருந்து ஒட்டும்போது முன்னால் ஓர் இடைவெளி சேர்ந்துவிடுவதுதான் வழக்கமான காரணம். எழுத்தாக உள்ளது செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், உண்மையான நாள் வலப்பக்கம் நிற்கும். அதைப் பார்த்துக் கையால் மறுபடி அடித்துவிடுங்கள்.)