ஒரு கயிறு, நாலு கோன்: ஐவர் கால்பந்தை நீங்களே நடத்த ஒரு செய்முறை

பதினோரு பேர் ஆட்டத்தைக் குறுக்கினால் ஐவர் ஆட்டம் வந்துவிடும் என்ற நினைப்பில்தான் பெரும்பாலானோர் இறங்குகிறார்கள். த்ரோ-இன் பழையபடி இருக்கும். ஆஃப்சைடு "பார்த்துக்கலாம்". கோல்கீப்பர் எதுவரை கையால் தொடலாம் என்று யாருக்கும் தெரியாது. பத்தாவது நிமிடம் பந்து ஓரமாக நிற்கும், எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சிறு ஆட்டத்துக்கென்றே எழுதிய விதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, இதில் பாதி என்று கலக்க வேண்டாம். நான் எடுப்பது ஃபுட்சால். 1930-இல் உருகுவேயின் மான்டேவீடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற உடற்பயிற்சி ஆசிரியர் உள்ளரங்கத்துக்காகவே உருவாக்கியது. அணிக்கு ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்திலிருந்தும், மைதானத்தையும் கோலையும் ஹேண்ட்பாலிலிருந்தும் எடுத்தார். சின்ன இடத்தில் எது சிக்கலாகும் என்று ஏற்கெனவே யோசித்து வைத்த ஆட்டம் இது.

கால்பந்து உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பாஸ் கொடுப்பது எப்படி என்றெல்லாம் இங்கே இல்லை.

1. இடம்

முழு அளவு 40 மீட்டருக்கு 20. சர்வதேசப் போட்டி இல்லையென்றால் நீளம் 25 மீட்டர், அகலம் 16 மீட்டர் வரை குறைக்க விதியே அனுமதிக்கிறது. அதற்கும் கீழே போனால் ஐவரை நால்வராக்குங்கள். இடம் சுருங்கும்போது ஆளும் குறைய வேண்டும், இல்லையென்றால் பந்தைவிடக் கணுக்கால்தான் அதிகம் அடிபடும்.

செவ்வகம் கோணாமல் வர ஒரு மூலையில் நின்று ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர் அளந்து குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே 10 மீட்டர் இருந்தால் மூலை சரி. கடைசியில் குறுக்காக ஒருமுறை அளந்தால் போதும்: 40-க்கு 20 என்றால் இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 44.7 மீட்டர் வர வேண்டும்.

2. கோல் முன் வளைவு, எல்லோரும் தடுக்கி விழும் இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கோலின் உள்ளகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். பெனால்டி பகுதி 6 மீட்டர் ஆரம். பார்த்தவுடன் கோலின் நடுவில் ஒரு ஆணி அடித்து, 6 மீட்டர் கயிறு கட்டி, ஒரே இழுப்பில் அரைவட்டம் போட்டுவிடத் தோன்றும். அது தவறு. அப்படிப் போட்டால் பகுதி குறுகிவிடும். கம்பத்துக்கு நேர் எதிரே நிற்கும் கோல்கீப்பர் கோட்டைத் தாண்டிக் கையால் தொட்டாரா இல்லையா என்ற தகராறு ஆட்டம் முழுக்க ஓடும்.

சரியான முறைக்கு இரண்டு மையம் வேண்டும். ஒரு கம்பத்தின் வெளி விளிம்பில் கயிற்றின் நுனியை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். 6 மீட்டரில் முடிச்சுப் போட்டு, முடிச்சில் சாக்கட்டியைச் சொருகி, கோல் கோட்டிலிருந்து தொடங்கி மைதானத்துக்குள் கால்வட்டம் இழுங்கள். கயிறு கோல் கோட்டுக்குச் செங்குத்தாக வந்ததும் நிறுத்துங்கள். மறு கம்பத்திலும் இதேதான். இப்போது இரண்டு கால்வட்டத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். அதை நேர்கோட்டால் இணைத்தால் வேலை முடிந்தது. அந்த நேர்கோட்டின் நீளம் விதிப்புத்தகத்தில் 3.16 மீட்டர் என்றிருக்கும். அந்த 16 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? கம்பம் ஒவ்வொன்றின் தடிமனும் 8 சென்டிமீட்டர். உள்ளகலம் 3 மீட்டரோடு இரண்டு கம்பத்தையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். கோடும் அதே 8 சென்டிமீட்டர் அகலம்தான். கோடு பகுதிக்குள் சேர்த்தி.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். பருத்திக் கயிறோ அளவு நாடாவோ போதும்.

ஹேண்ட்பால் கோடுகள் ஏற்கெனவே போட்ட தளம் கிடைத்தால் இந்த வேலையே இல்லை. அதுவும் 40-க்கு 20, அதே கோல், அதே 6 மீட்டர் வளைவு. நேர்கோடு மட்டும் 3 மீட்டர். நண்பர்கள் ஆட்டத்தில் அந்த 16 சென்டிமீட்டரை விட்டுவிடலாம்.

பெனால்டி புள்ளி கோலின் நடுவிலிருந்து 6 மீட்டரில், இரண்டாவது புள்ளி 10 மீட்டரில். நடுவட்டம் 3 மீட்டர் ஆரம்.

தூக்கி வைக்கிற கோல் என்றால் பின்கம்பியில் மணல்மூட்டை போடாமல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். குறுக்குக் கம்பியில் தொங்கினால் கோல் முன்பக்கமாகச் சாயும், அடியில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

3. பந்து

வழுவழுப்பான தரையில் ஃபுட்சால் பந்து, வேறு பேச்சில்லை. 4-ஆம் எண், சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர், எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாங்கும்போதே கையைத் தலைக்குமேல் தூக்கி விட்டுப் பாருங்கள்; நடுத்தொடையைத் தாண்டிக் குதித்தால் சந்தேகப்படுங்கள். செயற்கைப் புல்லில் இதே பந்து செத்த மாதிரி உருளும், அங்கே சாதாரணப் பந்துதான் எனக்குப் பிடிக்கும்.

காலணி: உள்ளரங்கத்துக்குத் தட்டை ரப்பர் அடி, செயற்கைப் புல்லுக்குக் குட்டிக் குமிழ்கள். நீள ஸ்டட் இரண்டுக்கும் ஆகாது.

4. ஆட்டம் தொடங்குமுன் உரக்கச் சொல்ல வேண்டியவை

ஆஃப்சைடு கிடையாது. பக்கக் கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதில்லை, பந்தைக் கோட்டில் வைத்து உதைக்க வேண்டும் (இதுதான் கிக்-இன்); அதிலிருந்து நேரடி கோல் செல்லாது. எதிரணியினர் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆடத் தயாரானதிலிருந்து 4 விநாடிக்குள் உதைக்காவிட்டால் பந்து மறு அணிக்கு. கோல்கீப்பரும் தன் பாதியில் 4 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. ஒருமுறை பந்தை விட்டுவிட்டால், எதிரணியின் கால் படாமல் தன் பாதியில் மறுபடி வாங்கவும் கூடாது.

விநாடியை எதிரணி எண்ணக் கூடாது. அவர்களுடைய நாலு விநாடி இரண்டில் முடிந்துவிடும். வெளியே காத்திருக்கும் அணியிலிருந்து ஒருவர் விரல் நீட்டி எண்ணட்டும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விதி: ஃபவுல் கணக்கு. நேரடி ஃப்ரீ கிக் தரும் ஃபவுல்கள் ஒவ்வொரு பாதியிலும் அணிவாரியாகச் சேரும். ஐந்து வரை சாதாரணம். ஆறாவதிலிருந்து எதிரே சுவர் நிற்க முடியாது. அந்த 10 மீட்டர் புள்ளியிலிருந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கலாம். ஃபவுல் அதைவிடக் கோலுக்கு அருகில் நடந்திருந்தால் நடந்த இடத்திலிருந்தே அடித்துக்கொள்ளலாம். முரட்டு ஆட்டக்காரரைத் திட்டித் திருத்த வேண்டாம், ஒரு பலகையில் கோடு போட்டால் போதும். ஐந்தாவது கோடு விழுந்ததும் அவர் அணியே அவரைப் பிடித்து இழுக்கும்.

5. பதிமூன்று பேர் வந்துவிட்டால்

மூன்று பேரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், எட்டுக்கு ஐந்து என்று ஆடவும் வேண்டாம். ஏழு, ஆறு என்று பிரியுங்கள். ஆட்டத்தை நிறுத்தாமலே, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதுதான் ஃபுட்சாலின் பெரிய வசதி. வெளியேறுபவர் கோட்டைத் தாண்டிய பிறகே அடுத்தவர் உள்ளே வரவேண்டும்.

24 நிமிட ஆட்டத்தை 4 நிமிடத் துண்டுகளாக ஆறாக்குங்கள்.

ஏழு பேர் அணியில் விருப்பமுள்ள கோல்கீப்பர் ஒருவர் நிலையாக இருக்கட்டும். மீதி ஆறு பேர் மூன்று ஜோடி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஜோடி வெளியே. ஆளுக்கு 16 நிமிடம் ஆட்டம், யாருக்கும் மனக்குறை இல்லை.

ஆறு பேர் அணியில் யாருக்கும் கோலில் நிற்க மனமில்லை என்றால், ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுங்கள். முதல் துண்டில் 1 ஓய்வு, 4 கோலில். அடுத்து 2 ஓய்வு, 5 கோலில். மூன்றாவதில் 3 ஓய்வு, 6 கோலில். பிறகு 4 ஓய்வு, 1 கோலில். 5 ஓய்வு, 2 கோலில். 6 ஓய்வு, 3 கோலில். ஓய்வுக்கும் கோலுக்கும் நடுவே இரண்டு துண்டு ஓட்டம் இருப்பதால் யாரும் ஒரேயடியாகக் களைத்துப் போக மாட்டார்கள். கோல்கீப்பரை மட்டும் பந்து வெளியே போனபோது மாற்றுங்கள், சட்டையும் வேறு நிறம்.

இதற்கென்று செல்பேசிச் செயலிகள் உண்டு. நான் காகிதக்காரன். வியர்வைக் கையால் திரையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட ஒரு அட்டையும் பென்சிலும் மேல்.

6. பல அணிகள், ஒரே மைதானம்

நாலு அணி வைப்பது எளிது என்று தோன்றும். போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள்: 1-2, 3-4 முடிந்ததும் அடுத்த ஆட்டத்தில் இப்போதுதான் ஆடிய யாராவது இறங்கியே ஆக வேண்டும். ஐந்து அணி என்றால் அந்தத் தொல்லை இல்லை. பத்து ஆட்டங்கள், இந்த வரிசையில்:

1-2, 3-4, 5-1, 2-3, 4-5, 1-3, 2-4, 3-5, 1-4, 2-5.

எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடாது. ஆட்டத்துக்கு 12 நிமிடம், இடைவெளி 2 நிமிடம் என்றால் மொத்தம் 138 நிமிடம். எண்ணிச் சொல்ல, பலகையில் கோடு போட எப்போதும் மூன்று அணி வெளியே இருக்கும்.

பிற்சேர்க்கை

படித்துவிட்டு முயன்றவர்கள் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில்.

சுற்றிலும் பலகைச் சுவர் இருக்கிறது, என்ன செய்ய? அப்படியானால் ஃபுட்சாலை விடுங்கள். சுவரில் பட்ட பந்து ஆட்டத்திலேயே இருக்கும். கிக்-இன்னுக்கும் நாலு விநாடிக்கும் அங்கே வேலையில்லை. பந்து தலைக்குமேல் போனால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று ஒரு விதி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரே உலக விதி கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். பார்வையற்றோர் ஐவர் கால்பந்திலும் பக்கவாட்டில் பலகை உண்டு, பந்துக்குள் ஒலி எழுப்பும் மணி இருக்கும், கோல்கீப்பர் பார்வையுள்ளவர். 2004 ஏதென்ஸ் முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது.

மணல்தான் இருக்கிறது என்றவருக்கு: கடற்கரைக் கால்பந்து, வெறுங்கால், 12 நிமிடமாக மூன்று பகுதி. முழங்கால் வலிக்காரர்கள் நடைக் கால்பந்து பாருங்கள். 2011-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கியது, ஓடினால் ஃபவுல்.

மூன்று அணி மட்டுமே தேறியது என்று ஒருவர் கேட்டிருந்தார். சுழற்சியாக ஆடலாம். துணிச்சல் இருந்தால் மூன்று அணியையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள்: டென்மார்க் ஓவியர் அஸ்கர் யோர்ன் யோசித்த ஆட்டம், அறுகோண மைதானம், மூன்று கோல். அதிகம் அடித்தவர் அல்ல, குறைவாக வாங்கியவரே வெற்றி. அறுகோணம் போட மேலே சொன்ன அதே கயிறு போதும்: ஒரு வட்டம் போட்டு, அதே ஆரத்தை விளிம்பைச் சுற்றி ஆறு முறை அளந்து ஆறு கோன் வையுங்கள்.