கரட்டைப் படித்தல்: கொங்கு நாட்டில் பாறை ஆய்வு தொடங்குவோருக்கு

கொங்கு நாட்டில் நிலவியல் ஆய்வில் இறங்க விரும்புவோர் பலரும் புதைபடிவம் தேடித்தான் புறப்படுகிறார்கள். அந்த ஆசையை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. கோவையிலிருந்து சேலம் வரை நம் காலடியில் கிடக்கும் அடிப்பாறைகளில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் பூமிக்குள் 20, 30 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் உருமாறியவை. அவற்றுள் சில, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளைப் போல, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. எலும்போ ஓடோ உடைய உயிர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தியவை. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் பழங்கடல் ஒன்றின் படிவுதான் என்றாலும், அதுவும் வெப்பத்தில் மீண்டும் படிகமாகி, பழைய தடயங்களை இழந்துவிட்டது. புதைபடிவமே வேண்டுமென்றால் அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம் அந்த நிலத்துக்குரியது, நம் நிலத்துக்குரியதன்று.

இருந்தும் யாராவது ஒருவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து காட்டி, இது பெரணிச் செடியின் பதிவுதானே என்று கேட்பார். பாறை வெடிப்புகளுக்குள் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு, கிளை கிளையாகப் பிரிந்து அப்படித் தோற்றம் தரும். இலை என்றால் நடுநரம்பு இருக்கும், கிளைகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். மாங்கனீசுக் கோலத்தில் இரண்டும் இரா. அதுபோலவே செம்மண்ணில் எலும்புத் துண்டு என்று பொறுக்கப்படுபவை பெரும்பாலும் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உண்டான சுக்காங்கல்லே. குறுக்கே உடைத்துப் பார்த்தால், வேர் மட்கிப்போன இடத்தில் மெல்லிய துளையும் அதைச் சுற்றி வளையங்களும் தெரியும்.

கொங்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தப் பாறை முன்னது, எது பின்னது, எது எதை வெட்டிச் செல்கிறது, எது எப்போது மடிந்தது என்ற நிகழ்வு வரிசையைக் கண்டுபிடிப்பதே இங்கே களப்பணி. அதற்குப் பெரிய பரப்பு தேவையில்லை. ஒரு கரடு, அல்லது ஓர் ஓடையின் இரண்டு கி.மீ. நீளம் போதும். பாலக்காட்டுக் கணவாய் ஏன் உண்டாயிற்று என்பது போன்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் எதையும் முடிப்பதில்லை என்பது என் கருத்து. ‘இந்தக் கரட்டின் வடசரிவில் உள்ள வெள்ளைப் பட்டைகள் தென்சரிவிலும் தொடர்கின்றனவா?’ என்பது ஒரு பருவத்துக்குள் விடை காணக்கூடிய நல்ல கேள்வி.

களத்துக்குப் போகுமுன் வரைபடங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் ஒரு செ.மீ. என்பது நிலத்தில் 500 மீட்டர். கொங்குப் பகுதிக்குரிய தாள்களின் எண் 58 என்று தொடங்கும். பாறை வகைகளைக் காட்டும் வரைபடங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ‘பூகோஷ்’ என்ற இணையதளத்தில் வெளியிட்டுள்ளது. இரண்டையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோடைப் படமாக இருந்தால், பயிரில்லாத மேட்டாங்காட்டில் பாறைப் பட்டைகள் ஓடும் திசை வீட்டிலிருந்தபடியே தெரிந்துவிடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலவியல் சுத்தியல், கண்ணைக் காக்கும் கண்ணாடி, பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு, சாய்மானி பொருத்திய திசைகாட்டி, எஃகுக் கத்தி, சிறு காந்தம், பத்து விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சொட்டுப் புட்டி, துணிப்பைகள், கெட்டி அட்டைக் குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும்.

பாறையின் முன் நின்றதும் சுத்தியலை எடுக்காதீர்கள். பத்தடி பின்னால் நின்று, பட்டைகள், வெடிப்புகள், நிற மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வரைந்து, அளவுகோலும் வடதிசையும் குறிக்க வேண்டும். அதன் பிறகு ஓரத்தில் ஒரு சில்லை உடைத்துப் புதிய முகத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெயிலும் மழையும் பட்ட தோல் பொய் சொல்லும். நீலகிரியிலும் சேர்வராயனிலும் பரவலாக உள்ள சார்னோக்கைட் வெளியே பழுப்பாக இருக்கும். உடைத்தால் எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த கருமை தெரியும். பெயரை மட்டும் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே ‘கிரானைட்’ என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு கண் கிரானைட்டை மட்டுமே பார்க்கும்.

இதற்குக் காங்கேயத்தை அடுத்த சிவன்மலையைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை. பக்தர் கனவில் வரும் பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டிக்காக நாடெங்கும் அறியப்பட்ட அந்த மலையை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலக நிலவியலாளர்களும் அறிவார்கள். அடிவாரத்தில் சிதறிக் கிடக்கும் வெளிர்சாம்பல் கல்லை முதலில் பார்ப்பவர் கிரானைட் என்றே சொல்வார். கைலென்சில் பார்த்தால் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தின் தட்டையான, ஒளிரும் முகங்களுக்கிடையே, வெங்கச்சங்கல்லான குவார்ட்ஸைப் போன்ற சாம்பல் நிறக் கனிமம் ஒன்று தெரியும். அது குவார்ட்ஸ் அன்று, நெஃபிலின். பிரித்தறிய, வெயில்பட்ட பழைய முகத்தைத் திருப்பிப் பாருங்கள். குவார்ட்ஸ் எளிதில் சிதையாததால் கிரானைட்டில் மேடாக நிற்கும். நெஃபிலின் விரைவில் கரைந்து சிதைவதால், சிவன்மலைக் கல்லில் ஃபெல்ஸ்பார் மேடாக நிற்க, இடையில் குழிகள் விழுந்து, தோல் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலிருக்கும். பாறைக்குழம்பில் சிலிக்கா போதாதபோதுதான் நெஃபிலின் உண்டாகிறது. சிலிக்கா மிகுந்திருந்தால் நெஃபிலின் அதனோடு சேர்ந்து ஃபெல்ஸ்பாராகிவிடும். ஆகவே நெஃபிலினும் குவார்ட்ஸும் ஒரே குழம்பில் அருகருகே படிகமாவதில்லை. ஒரே கல்லில் இரண்டையும் கண்டதாக எழுதியிருந்தால், இரண்டில் ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள்.

வெள்ளையாக இருப்பவற்றைப் பிரித்தறிவது கொங்கில் அன்றாடத் தேவை. வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கத்திக்கு அசையாது, உடைந்தால் தட்டையான முகம் வராது. ஃபெல்ஸ்பாரும் கண்ணாடியைக் கீறும், ஆனால் உடைந்த இடத்தில் படிக்கட்டு போல் தட்டை முகங்கள் பளிச்சிடும். சுக்காங்கல்லைக் கத்தி எளிதாகக் கீறும், ஒரு சொட்டு அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கும். சேலத்துச் சுண்ணாம்புக் கரடுகளின் வெள்ளைக்கல்லோ, அந்தப் பெயருக்கு மாறாக, சுண்ணாம்பே அன்று, அது மெக்னீசியம் கார்பனேட்டான மேக்னசைட். அதன்மேல் குளிர்ந்த அமிலத்தை விட்டால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. கத்தியால் சுரண்டித் தூளாக்கி அதன்மேல் விட்டால் மெல்லச் சில குமிழ்கள் வரும், அமிலத்தைச் சூடாக்கினால் நன்றாகவே நுரைக்கும். இந்த வெள்ளைக்கல், டியூனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள் வலைபோல் ஓடும் நரம்புகளாக இருப்பதைச் சுரங்க முகங்களில் காணலாம். மெக்னீசியம் மிகுந்த அப்பாறையோடு, கரியமில வாயு கரைந்த நீர் வினைபுரிந்ததால் விளைந்தது அது. நரம்பு பாறையை வெட்டிச் செல்வதால் பாறை முன்னது, நரம்பு பின்னது.

வரிசை காணும் விதி இவ்வளவுதான்: வெட்டுவது இளையது, வெட்டப்படுவது மூத்தது. காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில், பட்டை பட்டையாக உருமாறிய நைஸ் பாறையின் பட்டைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பெக்மடைட் நரம்புகள் செல்கின்றன. குழம்பின் கடைசி மிச்சத்தில் நீர்ப்பசை மிகுந்திருப்பதால் அவற்றின் படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. நீலப்பச்சை நிறப் பெரில் கற்கள் அங்கே கிடைத்ததும் அதனால்தான். நொய்யல் கரைக் கொடுமணலில் அகழாய்வாளர்கள் கண்ட மணிப் பட்டறைகளுக்கு அவை மூலப்பொருளாகியிருக்கின்றன. அப்படி ஒரு நரம்பைக் கண்டால், அது பட்டைகளை வெட்டுகிறதா, பட்டைகளோடு சேர்ந்து மடிந்திருக்கிறதா என்று இரு முனைகளிலும் நடந்து பார்த்து எழுத வேண்டும். மடிந்திருந்தால் அது மடிப்புக்கு முந்தியது, வெட்டினால் பிந்தியது. இந்த ஒரு வரி, கல்லின் பெயரைவிட மதிப்புள்ளது.

பட்டைகளின் கிடக்கையை அளக்க இரண்டு எண்கள் தேவை: பட்டையின் தளத்தில் ஒரு கிடைமட்டக் கோடு ஓடும் திசை ஒன்று, அதற்குச் செங்குத்தாகத் தளம் கீழிறங்கும் கோணம் மற்றொன்று. எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலையில் மட்டும் திசைகாட்டியை நம்ப வேண்டாம். அங்குள்ள மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாதுப் பட்டைகள் ஊசியை இழுத்துவிடும். கைப்பேசித் திசைகாட்டியும் அதே காந்தப்புலத்தைத்தான் உணர்கிறது. பட்டையின் மேலேயே குறைந்தது நூறு மீட்டர் நடந்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஜி.பி.எஸ். புள்ளிகளைப் பதிந்து, வரைபடத்தில் அவற்றை இணைத்தால் திசை கிடைத்துவிடும். இடைவெளி குறைந்தால் ஜி.பி.எஸ்ஸின் சில மீட்டர் பிழையே திசையைத் திருப்பிவிடும்.

தரையில் பாறை தெரியாத சமவெளியில் நமக்குக் கைகொடுப்பவை கிணறுகள். நூறடி ஆழக் கிணறு இங்கே அரிதன்று. மேலே செம்மண்ணோ கரிசலோ, அதன் கீழே சுக்கான், அதன் கீழே பட்டைகள் குலையாமல் பொடிந்த பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று ஒரு முழுக் குறுக்குவெட்டு அதில் கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால், மண்ணில் இறங்கும் நீர் ஆவியாகும்போது அதிலிருந்த சுண்ணாம்பு தங்கிச் சுக்கானாகிறது. அதன் தடிமனைக் கிணற்றுக்குக் கிணறு அளப்பதே ஒரு தனி ஆய்வாகும். ஆனால் பழங்கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. அடியில் காற்று கெட்டிருக்கும், உயிர்போகும். எடை கட்டிய கயிற்றில் மீட்டருக்கொரு முடிச்சுப் போட்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, இருகண்நோக்கியால் பார்த்துக் குறித்தால் போதும். புதிதாக வெட்டிய கிணறு என்றால் மண்மேட்டைப் பாருங்கள். அடியிலிருந்து வந்த கல் மேட்டின் உச்சியில் கிடக்கும் என்பதால் வரிசையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். தோட்டத்துக்காரரிடம் பேசுவதும் ஆய்வில் சேர்த்திதான். எத்தனை அடியில் வெடி வைக்க வேண்டியிருந்தது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது, அவர் சொல்வார்.

குகைகளைப் பொறுத்தவரை ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்து உண்டாக்கும் நீண்ட குகைகளை நம் கரடுகளில் எதிர்பார்க்கக் கூடாது. ஆழத்தில் அழுந்தியிருந்த பாறை, மேற்சுமை அரிந்துபோனதும் விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தாள் தாளாக வெடிக்கிறது. அந்தத் தாள்களில் ஒன்று சரிந்து விழுந்த இடைவெளியோ, உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்த இடுக்கோதான் இங்கே குகை எனப்படுகிறது. புகளூர் ஆறுநாட்டார் மலையிலும் அரச்சலூரிலும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் உள்ள குகைத்தளங்களும் பாறை நெற்றி முன்தள்ளிய இத்தகைய ஒதுக்கிடங்கள்தாம். வெடிப்புத் தளத்தின் சாய்வையும் கூரைத் தடிமனையும் அளந்து, இயற்கையாய் அமைந்ததையும் மழைநீர் உள்ளே வடியாதபடி மனிதர் செதுக்கிய விளிம்பையும் தனித்தனியே குறிக்க வேண்டும். இத்தகைய இடங்களில் சுத்தியலும் அமிலமும் பையை விட்டு வெளியே வரக் கூடாது. கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்துப் படம் எடுப்பதும் கூடாது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வெள்ளியங்கிரி, சத்தியமங்கலம் போன்ற காப்புக்காடுகளுக்கு வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை. கல்குவாரியில் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலைக்கவசத்தோடு, பொறுப்பாளர் உடன்வரப் போக வேண்டும். கைவிடப்பட்ட பாறைக்குழிகளின் விளிம்பு எப்போது வேண்டுமானாலும் சரியும்.

மாதிரி எடுக்கும்போது முட்டியளவுக் கல் போதும். சிதைந்த தோலை நீக்கி, எந்த முகம் மேல்நோக்கி இருந்தது என்று அம்புக்குறியிட்டு, கல்லின் மேலும் பையின் மேலும் குறிப்பேட்டிலும் ஒரே எண்ணை எழுத வேண்டும். எண் இல்லாத கல் வீட்டுக்கு வந்தால் அது தோட்டத்து அலங்காரத்துக்குத்தான் ஆகும். அடுத்த கட்டம், கல்லை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துத் துருவநோக்கு நுண்ணோக்கியில் பார்ப்பது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருப்பதால், தெளிவான கேள்வியோடும் ஒழுங்கான குறிப்பேட்டோடும் ஆசிரியர்களை அணுகலாம். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால்தான் இஸ்ரோ அதை அரைத்துச் சந்திரயான் சோதனைகளுக்கு மாதிரி நிலவுமண் செய்தது. அந்த முடிவுக்கு அடிப்படை, நிலவியலாளர் ஏ.பி.சுப்பிரமணியம் 1956இல் வெளியிட்டது போன்ற பொறுமையான களவரைவுகளும் கனிம ஆய்வுகளும்தான்.

வயது தெரிய வேண்டுமென்றால், சிர்க்கான் என்ற நுண்மணிகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் யுரேனியம் எந்த அளவுக்கு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்குச் சில கிலோ புதிய பாறை தேவைப்படும். நம் பாறைகள் பலமுறை சூடேறியவை ஆதலால், ஒரே மணியின் நடுவில் ஒரு வயதும் அதைச் சுற்றி வளர்ந்த விளிம்பில் வேறொரு வயதும் வருவதுண்டு. எந்த வயது எந்த நிகழ்வுக்கு உரியது என்பதை ஆய்வகக் கருவி சொல்லாது. அந்த நரம்பு பட்டையை வெட்டியதா, அதனோடு மடிந்ததா என்று களத்தில் வரைந்த படத்தை வைத்துத்தான் அதை முடிவுசெய்ய முடியும். ஆகவே கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, அந்தப் படம் உள்ள பக்கத்தின் நகலையும் அதே பையில் வைத்து அனுப்புங்கள்.